கொசுறு

ஜெமெலி,
போன வருஷம் நீ தோற்ற ஓட்டத்துக்குக்
கோடு போட்டவன் நான்தான்.
தேயிலை ஆலையில் டிராக்டர் ஓட்டுகிறவன்,
வருஷத்தில் ஒருநாள் மட்டும் சுண்ணாம்புக்காரன்.
கூலி இருநூறு ஷில்லிங், ஒரு சோடா.

கப்சபெட் சாலையோரம் அந்தச் செம்மண் மைதானம்.
இரண்டு கோடியிலும் முளை அடித்து
கயிற்றை விறைப்பாகப் பிடித்து நடந்தேன்.
இந்தப் பக்கம் அரைவட்டம், அந்தப் பக்கம் அரைவட்டம்,
நடுவே நேர்ப்பாதை.
நேர்ப்பாதையில் யாருக்கும் யாரிடமும் கடனில்லை.
கடன் ஏறுவதெல்லாம் வளைவில்.

ஒரு பாதைக்கு நாலடி அகலம்.
ஒரு பாதை வெளியே போனால்
ஆரத்தில் நாலடி கூடும்,
விட்டத்தில் எட்டடி,
சுற்றளவில்?
மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
"மும்மடங்கு போட்டு முடியப்பா, மழை வருது"
என்றார் செயலாளர் லெலெய்.
எட்டு மூன்று இருபத்துநாலு.
பாதைக்குப் பாதை இருபத்துநாலடி முன்னே தள்ளி
ஆணி அறைந்து வெள்ளைக் கோடு இழுத்தேன்.
கடைசிக் கோடு உன்னுடையது.

நீ போய் நின்றாய்,
எல்லோருக்கும் முன்னால், தனியாக,
ஏழு பேரின் மூச்சும் உன் முதுகுக்குப் பின்னால்.
முதல் பாதைக்காரி ஜெபிவொட்டின் தகப்பன்
வேலிமேல் ஏறிக் கத்தினார்:
"அவளை மட்டும் ஏன் அத்தனை தூரம் முன்னே நிறுத்தினீங்க?"
முன்னால் நிற்பது வேறு, முன்னால் இருப்பது வேறு என்று
அவருக்கு விளக்கினேன்,
பெரிய ஞானி மாதிரி.

ஒரு தோள் அகலம்.
அவ்வளவில் ஜெபிவொட் முந்தினாள்.
நீ முட்டியில் கையூன்றிக் குனிந்து
சிவப்பாகத் துப்பிவிட்டு
யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடப் போனாய்.

ஆகஸ்டில், ஆலையில்,
விரிசல் விட்ட டிரம்முக்குத் தகரப்பட்டை கட்டச் சொன்னார்கள்.
விட்டம் இரண்டடி. ஆறடி வெட்டிச் சுற்றினேன்.
சேரவில்லை.
நாலு விரலுக்கும் சற்று மேலே இடைவெளி.
திரும்ப அளந்தேன். தகரத்தைத் திட்டினேன்.
பிறகு சோடா மூடியைச் சுற்றி நூல் வைத்துப் பார்த்தேன்,
டிராக்டர் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு வைத்துப் பார்த்தேன்.
சின்னதோ பெரிசோ, மூன்று விட்டம் தீர்ந்த பிறகும்
வட்டம் வாயை மூடவில்லை.
எல்லாம் அதே பங்கு கேட்டன,
பூமிக்கே கச்சை கட்டினாலும் அது அப்படித்தான் கேட்குமாம்.

சந்தையில் கீரைக்கட்டோடு
கூடக் கொஞ்சம் கிள்ளிப் போடுவார்களே,
அப்படி ஒரு கொசுறு என்றுதான் நினைத்திருந்தேன்.

டிரம்மின் அந்த இடைவெளியில்
உன் முதுகு தெரிந்தது, ஜெமெலி.
பாதைக்கு ஓரடி இரண்டு விரல் நான் விழுங்கியிருக்கிறேன்.
ஏழு பாதைக்கும் சேர்த்தால்
எட்டடிக்கு ஒரு விரல் குறைச்சல்.
அத்தனையும் நீ கூடுதலாக ஓடினாய்.
உன் நெஞ்சுக்கூடு போட்ட கணக்கு சரி,
என் கணக்குத்தான் தப்பு.

இந்த வருஷம் இருபத்தைந்தடி, இரண்டு விரல்.
லெலெய் வானத்தைக் காட்டினார்.
மழையும் வந்தது.
நனைந்துகொண்டே அளந்தேன்.
பெயர்ப்பட்டியலில் நீ இல்லை.
நைவாஷாவில் பிளாஸ்டிக் கூரைக்கடியில்
ரோஜா வெட்டுகிறாய் என்றார்கள்.
எட்டாம் பாதையில் வேறொரு பெண்,
காலில் காலுறை மட்டும்.
வேலிமேல் வேறொரு தகப்பன் கத்தினார்.
நான் விளக்கப் போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு
ஒரு மாடு ஐந்து பாதையையும் குறுக்கே கடந்து
ஆறாவதில் நின்று சாணி போட்டது.
எட்டாவதில், போன வருஷத்து ஆணி
துருவேறி அப்படியே இருந்தது.
அதில் குதிகாலை வைத்து
விரல்நுனிக்குக் குதிகால், விரல்நுனிக்குக் குதிகால் என்று
புதுக் கோட்டை நோக்கி நடந்தேன்.
ஓரடி நீளப் பாதம் என்னுடையது.
எட்டாவது அடியில்
பெருவிரல் மட்டும் கோட்டைத் தாண்டி நின்றது.

இழுத்துக்கொள்ளவில்லை.
இருட்டும்வரை அப்படியே நின்றேன்.